டேப்பா, ஸ்பேஸா? நான் கட்சி மாறிய கதை

இந்த வாரம் எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்று வீட்டில் கேட்டாள். "டேப் பற்றி" என்றேன்.

"எந்த டேப்? தையல் மிஷின் டிராயர்ல இருக்கிற இஞ்ச் டேப்பா, பரண் மேல கிடக்கிற கேசட் டேப்பா?"

இரண்டும் இல்லை. கம்ப்யூட்டர் கீபோர்டில் இடது ஓரமாக ஒரு கீ இருக்கிறதே, அந்த டேப். புரோகிராம் எழுதும்போது வரியை உள்ளே தள்ளுவதற்கு அதைப் பயன்படுத்தலாமா, அல்லது ஸ்பேஸ் போட வேண்டுமா என்று உலகம் முழுக்கப் பல வருஷமாகச் சண்டை நடக்கிறது என்று விளக்கினேன்.

"இதுக்காங்க முப்பது வருஷம் சம்பளம் வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த அற்ப விஷயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அது தவறு என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது, ஒரு கண்ணும் பழுதாக வேண்டியிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

புரோகிராம் எழுதாத நண்பர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். மளிகை லிஸ்ட் எழுதும்போது "பருப்பு" என்று ஓரத்தில் எழுதிவிட்டு, அதன் கீழே துவரம் பருப்பு 1 கிலோ, பாசிப் பருப்பு அரை கிலோ என்று கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதுவோம் அல்லவா? எது தலைப்பு, எது அதற்குள் அடங்கியது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காக. புரோகிராமிலும் அப்படித்தான். "இப்படி இருந்தால் இதைச் செய்" என்று ஒரு வரி எழுதினால், செய்ய வேண்டியவை எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் உள்ளே தள்ளி வரும். அதற்குள் இன்னொரு நிபந்தனை வந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே. இதற்கு இண்டென்ட் என்று பெயர். சி, ஜாவா போன்ற மொழிகளில் கம்ப்யூட்டர் இதைக் கண்டுகொள்ளாது. படிக்கும் மனிதருக்காக மட்டுமே செய்வது. பைத்தான் மொழியில் கம்ப்யூட்டரே இதைப் பார்த்துத்தான் எது எதற்குள் அடங்கும் என்று தீர்மானிக்கிறது.

உள்ளே தள்ள இரண்டு வழி. நாலு ஸ்பேஸ் போடலாம், அல்லது ஒரு டேப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், இரண்டுமே வெற்றிடம்தானே. ஆனால் ஃபைலுக்குள் வேறு வேறு. ஆஸ்கி எண் வரிசையில் ஸ்பேஸ் 32, டேப் 9. முதல் வழியில் நாலு எழுத்து பதிவாகும், இரண்டாவதில் ஒரே எழுத்து. இந்தக் காலத்து எடிட்டர்களில் டேப் கீயைத் தட்டினால் தானாகவே நாலு ஸ்பேஸ் போடும்படி வைத்துக்கொள்ளலாம். ஆகவே சண்டை எந்த கீயைத் தட்டுவது என்பதில் இல்லை. ஃபைலில் எது பதிவாக வேண்டும் என்பதில்தான்.

டேப் கம்ப்யூட்டருக்கு முந்தியது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு இது தெரியும். ஸ்டேட்மென்ட் அடிக்கும்போது ஒவ்வொரு பத்தியும் நேராக நிற்க வேண்டும். வரிக்கு வரி ஸ்பேஸ் எண்ணிக்கொண்டிருந்தால் பரீட்சை நேரம் முடிந்துவிடும். அதனால் கேரேஜ் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று முதலிலேயே நிறுத்தங்களை வைத்துக்கொள்வோம். அப்புறம் டேபுலேட்டர் கீயைத் தட்டினால், கேரேஜ் சர்ரென்று ஓடி அடுத்த நிறுத்தத்தில் நிற்கும். கவனியுங்கள்: அந்த கீ "நாலு இடம் தள்ளு" என்று சொல்வதில்லை, "அடுத்த நிறுத்தத்துக்குப் போ" என்றுதான் சொல்கிறது. நிறுத்தம் எங்கே என்பதை மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்கிறார். கம்ப்யூட்டரிலும் அதேதான். ஒரே ஃபைலை என் திரையில் டேப்புக்கு 4 இடம் என்று பார்க்கலாம், நீங்கள் 2 என்று பார்க்கலாம், இன்னொருவர் 8 என்று பார்க்கலாம். ஃபைல் மாறாது. ஸ்பேஸ் போட்டால் எழுதியவர் வைத்ததுதான் எல்லோருக்கும். மொத்தச் சண்டையும் இதற்குள் அடக்கம்.

நான் பிறவியிலேயே ஸ்பேஸ் கட்சி. காரணம் கோபோல்.

1982-இல் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். அப்போது எங்களுக்கு டேப் என்றால் அலமாரி போன்ற பெட்டியில் சுழலும் காந்த நாடாதான். புரோகிராமைக் கட்டம் போட்ட கோடிங் ஷீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுப்போம். பஞ்ச் அறையில் அதை அட்டைகளில் துளை போட்டுத் தருவார்கள். ஒரு அட்டைக்கு 80 கட்டம். கோபோலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வேலை உண்டு. முதல் 6 கட்டம் வரிசை எண்ணுக்கு. 7-ஆவது கட்டத்தில் நட்சத்திரம் போட்டால் அந்த வரி வெறும் குறிப்பு. 8 முதல் 11 வரை ஏ பகுதி. பத்திகளின் பெயர்கள் அங்கே தொடங்க வேண்டும். 12 முதல் 72 வரை பி பகுதி, கட்டளைகள் அங்கே. 73-இலிருந்து 80 வரை அட்டை எந்தப் புரோகிராமைச் சேர்ந்தது என்ற அடையாளம். பென்சில் ஒரு கட்டம் நழுவினால் அட்டை திரும்பி வரும். மறுபடி பஞ்ச், மறுபடி வரிசை, மறுநாள்தான் விடை.

இப்படிப் பழகியவனுக்கு வெற்றிடம் என்பது வெற்றிடம் இல்லை, விலாசம். பின்னால் யூனிக்ஸ், சி, இரண்டாயிரமாம் ஆண்டுப் பிரச்சினை என்று சென்னையிலேயே தனியார் கம்பெனிகளில் பல வேலை பார்த்தேன். எங்கே போனாலும் கட்டம் எண்ணும் புத்தி போகவில்லை. "ஆளுக்கு ஆள் வேறு வேறு மாதிரி தெரியும்" என்று யாராவது டேப்பைப் புகழ்ந்தால் எனக்கு உடம்பு கூசும். அதுதானே அதன் குற்றம் என்பேன்.

பிறகு 2009 வந்தது. என் கட்சிக்கு ஆதாரமும் கிடைத்தது.

அப்போது ஆறு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நான் பொறுப்பு. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காகப் பைத்தானில் எழுதிய புரோகிராம் தினமும் இரவில் ஓடும். அன்றைய பரிவர்த்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு மேலதிகாரிக்கு ஒரே ஒரு சுருக்க மெயில் அனுப்ப வேண்டும். ஒரு நாள் விடிகாலை மூன்று மணிக்குப் போன். அந்த அதிகாரிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மெயில்கள் போயிருந்தன. பரிவர்த்தனைக்கு ஒன்று வீதம்.

புரோகிராமை எடுத்துப் பார்த்தேன். மெயில் அனுப்பும் வரி சரியான இடத்தில்தான் இருந்தது. சுற்றி வரும் பகுதிக்கு வெளியே, நாலு இடம் மட்டும் தள்ளி. விடியும் வரை உட்கார்ந்தும் பிடிபடவில்லை. கடைசியில் எடிட்டரில், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தேன். அந்த ஒரு வரியின் தலையில் மட்டும் ஒரு டேப் உட்கார்ந்திருந்தது. முந்தைய நாள் ஒரு பையன் அந்த வரியைத் திருத்தியபோது டேப் போட்டிருக்கிறான். மற்ற வரிகள் எல்லாம் ஸ்பேஸ். அவன் திரையிலும் என் திரையிலும் டேப்புக்கு 4 இடம் என்று வைத்திருந்தோம். ஆனால் அந்தக் காலத்துப் பைத்தான் 2, டேப்பை 8-இன் மடங்குக்குத் தள்ளித்தான் எண்ணும். நாங்கள் பார்த்தது நாலாவது இடம், பைத்தான் எண்ணியது எட்டாவது இடம். எட்டு என்றால் சுற்றி வரும் பகுதிக்கு உள்ளே! ஒரு தடவை ஓட வேண்டிய வரி நாலாயிரம் தடவை ஓடியது.

அன்று மாலையே ஒரு பக்கத்தில் விதிகள் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். முதல் விதி: எந்த ஃபைலிலும் டேப் இருக்கக் கூடாது, நாலு ஸ்பேஸ் மட்டுமே. விதிவிலக்கு கிடையாது.

இப்போது யோசித்தால், அன்றைய குற்றவாளி டேப் அல்ல. டேப்பும் ஸ்பேஸும் கலந்ததுதான் குற்றம். முழுக்க டேப் போட்டிருந்தாலும் அந்தப் புரோகிராம் ஒழுங்காக ஓடியிருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பைத்தான் 2-ஐ ஓட்டும்போது "மைனஸ் டி டி" என்று ஒரு குறிப்பைச் சேர்த்திருந்தால், இப்படிக் குழப்பமாகக் கலந்த ஃபைலை ஓட்டவே மறுத்துப் பிழை சொல்லியிருக்கும். பைத்தான் 3 எந்தக் குறிப்பும் இல்லாமல் தானாகவே அப்படி மறுக்கிறது. மிஷின் பிடிக்க வேண்டிய பிழைக்கு நான் மனிதர்களுக்குச் சட்டம் போட்டேன்.

அன்று இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. துணைக்குப் பெரிய ஆட்களும் இருந்தார்கள். பைத்தான் எழுதுவோருக்கான பெப் 8 என்ற வழிகாட்டி 2001-இலேயே நாலு ஸ்பேஸ்தான் என்று சொல்லிவிட்டது. அதை எழுதியவர்களில் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமும் ஒருவர். அதை அச்செடுத்து என் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்தேன். அதே வழிகாட்டி, விதிகளைக் கண்மூடித்தனமாகப் பிடித்துத் தொங்காதே என்று ஆரம்பத்திலேயே எச்சரிக்கிறது. அந்தப் பகுதியை நான் தாண்டிப் போய்விட்டேன்.

எதிர்க்கட்சியிலும் சாதாரண ஆட்கள் இல்லை. லினக்ஸ் கெர்னலுக்கு லினஸ் டார்வால்ட்ஸ் வைத்த விதி டேப், அதுவும் 8 இடம். மணிக்கணக்காகத் திரையைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு அகலமான இண்டென்ட்தான் நல்லது என்பது அவர் வாதம். அப்படி வைத்தால் வரி வலது ஓரத்துக்கு ஓடிவிடுகிறதே என்றால், மூன்று நிலைக்கு மேல் உள்ளே போகிற புரோகிராமையே திருத்தி எழுது என்பார். 2009-இல் கூகுள் வெளியிட்ட கோ மொழியோடு கோஃபம்ட் என்று ஒரு கருவி வந்தது. எப்படி எழுதினாலும் அது ஒரே மாதிரி ஒழுங்குபடுத்திவிடும். உள்ளே தள்ள டேப்தான் போடும். சண்டை போட ஆளுக்கு வாய்ப்பே இல்லை.

மேக் என்ற பழைய யூனிக்ஸ் கருவியின் கதை இன்னும் சுவாரசியம். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. கட்டளை வரிகள் டேப்பில்தான் தொடங்க வேண்டும் என்று அவசரத்தில் ஒரு விதி வைத்தார். அது தொல்லை என்று சில வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று அப்படியே விட்டுவிட்டார். அந்த டஜன் பேருக்காக விட்ட விதியில் இன்று வரை உலகம் தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறது. சின்னக் குழுவுக்குப் போடும் விதி சின்னதாகவே இருக்கும் என்று நம்பக் கூடாது.

சண்டை தொலைக்காட்சி வரை போனது. 2016-இல் சிலிகான் வேலி என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் கதாநாயகன் டேப் கட்சி, அவன் காதலி ஸ்பேஸ் கட்சி; காதலே முறிந்துவிடும். அதே வருஷம் கிட்ஹப்பில் இருந்த நாலு லட்சம் புராஜெக்ட்களை அலசிப் பார்த்ததில், சி, கோ தவிரப் பெரும்பாலான மொழிகளில் ஸ்பேஸ்தான் அதிகம் என்று தெரிந்தது. 2017-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய கருத்துக்கணிப்பில், ஒரே அளவு அனுபவம் உள்ளவர்களிலும் ஸ்பேஸ் போடுகிறவர்கள் டேப் போடுகிறவர்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று வந்தது. நான் ரிட்டையர் ஆன பிறகு வந்த செய்தி. என் பென்ஷனில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இனி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2012-இல் எங்கள் குழுவுக்கு ஒரு தம்பி வந்தான். கெட்டிக்காரன். பிறவியிலேயே பார்வை குறைவு. திரையில் எழுத்துகளை மிகப் பெரிதாக வைத்துக்கொண்டு, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் படிப்பான். ஒரு வரியில் அவனுக்கு நாற்பது எழுத்துதான் தெரியும். வந்த இரண்டாவது வாரம் என் அறைக்கு வந்தான்.

"சார், ஒரு சின்ன ரிக்வெஸ்ட். நம்ம புரோகிராம் எல்லாத்தையும் டேப்புக்கு மாத்திக்கலாமா? ஸ்பேஸா இருந்தா நாலு லெவல் உள்ளே போனதும் பதினாறு இடம் வெறுமையா போயிடுது சார். மீதியில வரி உடைஞ்சு உடைஞ்சு தெரியுது. டேப்னா நான் ஒரு இடம்னு வெச்சுக்குவேன். உங்களுக்கெல்லாம் நாலாவே தெரியும்."

அவன் முழுதாகச் சொல்லி முடித்தான், நானும் முழுதாகக் கேட்டேன். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். "இங்க பாருங்க தம்பி, பைத்தான் பண்ணினவரே சொல்லியிருக்கார். எல்லாருக்கும் ஒரே விதிதான். ஒருத்தருக்காக மாத்தினா நாளைக்கு ஒவ்வொருத்தரும் வருவாங்க." 2009 கதையையும் சொல்லி அனுப்பினேன்.

அவன் மறுபேச்சு பேசவில்லை. தானே ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக்கொண்டான். ஃபைலைத் திறக்கும்போது ஸ்பேஸை டேப்பாக மாற்றும், மூடும்போது திரும்ப ஸ்பேஸாக்கும். சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் திரும்ப மாற்றுவது நடக்காமல், ஃபைல் முழுக்க டேப்போடு அப்படியே உள்ளே போய்விட்டது. அவன் மாற்றியது மூன்றே வரி. மாறியதாகக் காட்டியது இரண்டாயிரம் வரி. அந்த ஃபைலில் வேலை செய்துகொண்டிருந்த இன்னொருவருக்கு ஒரு நாள் வேலை வீண். வாராந்திரக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும், விதியை மீறினால் இப்படித்தான் என்று பேசினேன். அவன் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அடுத்த மாதம் டெஸ்டிங் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தான். "பாவம், கண்ணு ஒத்துழைக்கல, புரோகிராமிங் அவனுக்குச் சரிப்படாது" என்று நினைத்தபடி கையெழுத்துப் போட்டேன். அன்பாகத்தான் நினைத்தேன். அதுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

போன வருஷம் எனக்கு இடது கண்ணில் நேர்கோடுகள் வளைந்து தெரிய ஆரம்பித்தன. கதவு நிலை, ஜன்னல் கம்பி எல்லாம் நடுவில் நெளிந்தன. விழித்திரையின் நடுப்பகுதி தேய்வது, வயதானவர்களுக்கு வரும் மாகுலர் டிஜெனரேஷன் என்றார் டாக்டர். கண்ணில் ஊசி போட்டார்கள். தினமும் பார்க்கச் சொல்லி ஒரு கட்டம் போட்ட தாளையும் கொடுத்தார்கள். கோடிங் ஷீட் மாதிரியே இருந்தது. கட்டங்கள்தான் வளைந்திருந்தன.

இந்த நிலையில் தங்கை பேரன் காலேஜ் புராஜெக்டோடு வந்தான். "தாத்தா, எங்கேயோ தப்பு வருது, பாருங்களேன்." எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் பெரிதாக்கினேன். சுலபமாகப் படிக்க முடிந்த அளவில் ஒரு வரிக்கு 42 எழுத்துதான் அடங்கியது. அவன் புரோகிராம் நாலு நிலை உள்ளே போயிருந்தது. 16 இடம் வெற்றிடம், மிச்சம் 26. ஒவ்வொரு வரியும் மூன்று துண்டாக உடைந்து, எது எதற்குள் இருக்கிறது என்றே பிடிபடவில்லை. இண்டென்ட் எதற்காக இருக்கிறதோ அதற்கே எதிரியாகிவிட்டது.

நாற்பது எழுத்து, பதினாறு இடம். இந்தக் கணக்கை எனக்கு முன்பே ஒருவன் சொல்லியிருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது.

பேரன் ஃபைலின் நகலை எடுத்து டேப்பாக மாற்றி, அகலம் 1 என்று வைத்தேன். வெற்றிடம் 4, மிச்சம் 38. படிக்க முடிந்தது. தப்பையும் கண்டுபிடித்தேன்.

பழைய சகா ஒருவர் மூலமாக அந்தத் தம்பியின் நம்பரை வாங்கி, இரண்டு நாள் தயங்கி, கூப்பிட்டேன். நலம் விசாரித்த பிறகு விஷயத்தைச் சொல்லி, "அன்னிக்கு நான் பண்ணினது தப்பு தம்பி" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"விதி போட்டது தப்பில்ல சார். எனக்கும் விதி வேணும். நான் காரணம் சொன்னேன், நீங்க சுவரைக் காட்டினீங்க. அதான் சார்."

அவன் இன்னும் டெஸ்டிங்கில்தான் இருக்கிறான். நல்ல பதவிதான். திரும்ப புரோகிராமிங் பக்கம் போக நினைக்கவில்லையா என்று கேட்டேன். "அப்ப ஆசை இருந்தது சார்" என்றான்.

ஆகவே என் கட்சி மாற்றத்தை இங்கே அறிவிக்கிறேன். புதிதாக ஒரு புராஜெக்ட் தொடங்குகிறீர்கள், மொழியில் உறுதியான வழக்கம் எதுவும் இல்லை என்றால், உள்ளே தள்ள டேப் போடுங்கள். அந்தக் காலத்துத் தையல்காரர்கள் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும்போது மடிப்புக்குள் கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார்கள். போட்டுக்கொள்கிறவன் அளவுக்குப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். டேப் அந்த மடிப்புத் துணி. விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் கருவி வைத்திருக்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள். அந்தக் கருவியில் பெரும்பாலும் ஒரு நேரத்துக்கு நாற்பது எழுத்துக்குத்தான் இடம். ஒவ்வொரு ஸ்பேஸும் அதில் ஓர் இடத்தைத் தின்றுவிடும்.

ஸ்பேஸ் கட்சியின் வாதங்கள் எனக்கு மனப்பாடம், நானே சொன்னவைதானே. டேப் போட்டால் பக்கத்துப் பக்கத்தில் வரும் குறிப்புகள் நேராக நிற்காது என்பார்கள். உண்மைதான். அதற்கு வழி, வரியின் தொடக்கத்தில் உள்ளே தள்ள மட்டும் டேப், வரி நடுவே நேராக்க ஸ்பேஸ். கோஃபம்ட் அப்படித்தான் செய்கிறது. ஒரு வரிக்கு 79 எழுத்து என்ற வரம்பை எப்படி அளப்பது என்பார்கள். அளப்பதற்கு மட்டும் டேப்பை 4 என்று வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் போயிற்று. கலந்துவிடும் என்பார்கள். மிஷின் பிடிக்கும்.

கடைசி வாதம் ஒன்று உண்டு: வேண்டுகிறவர் தன் பக்கம் மாற்றிப் பார்த்துக்கொள்ளட்டுமே, அதற்குத்தான் கருவிகள் இருக்கின்றனவே என்று. கேட்க நியாயமாக இருக்கும். அந்தத் தம்பி செய்ததும் அதுதான். குழுவிலேயே பார்வை குறைந்தவன் தலையில் கூடுதலாக ஒரு வேலை ஏறியது. அது ஒரு நாள் பழுதானபோது பழியும் அவன் தலையில்தான் விழுந்தது. மற்றவர்களுக்கு டேப்பால் என்ன நஷ்டம்? எடிட்டரில் ஒரு தடவை 4 என்று வைக்க வேண்டும். அரை நிமிட வேலை.

ஊரோடு ஒத்துப்போக வேண்டிய இடமும் உண்டு. யாமல் ஃபைல்களில் உள்ளே தள்ள டேப் போடவே கூடாது, அது அந்த மொழியின் சட்டம். பைத்தான் உலகம் நாலு ஸ்பேஸில் பழகிவிட்டது. பலர் சேர்ந்து எழுதும் பொதுப் புராஜெக்டில் போய் நான் அதை மாற்று என்று கொடி பிடிக்க மாட்டேன். ஆனால் முழுக்க டேப்பாக இருந்தால் பைத்தான் மறுப்பதில்லை. ஆறு பேர் உள்ள என் அறையில், நான் ஒருவன் போட்ட விதியை நான் ஒருவனே மாற்றியிருக்கலாம். ஒரு மாலை வேலை.

பேரன் போன வாரம் போன் பண்ணினான். புராஜெக்டில் இன்னும் மூன்று பேர் சேருகிறார்களாம், டேப் வைக்கட்டுமா ஸ்பேஸ் வைக்கட்டுமா என்று கேட்டான். நான் எழுதிய இந்தக் கட்டுரை முழுவதையும் அவனிடம் சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு, "அந்த மூணு பேர் கிட்டயும் கேட்டியா?" என்றேன்.

"இதையெல்லாமா தாத்தா கேட்பாங்க?"

"கேளு. யாராவது காரணம் சொன்னா, சுவரைக் காட்டாதே."

என்ன சுவர் என்று அவனுக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறான், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.